சென்னையில் புகார் கொடுப்பது எப்படி, அதை முடியும்வரை விடாமல் பிடிப்பது எப்படி: முழு வழிகாட்டி

சென்னையில் தெருவிளக்கு எரியாவிட்டால் ஈபி ஆபீசுக்குப் போன் போடுகிறவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அங்கே எடுப்பவர் "அது கார்ப்பரேஷன் வேலைங்க" என்று சொல்லி வைத்துவிடுவார். அவர் சொன்னது சரிதான், தெருவிளக்கு மாநகராட்சியுடையது. ஆனால் போன் போட்டவர் அத்தோடு விட்டுவிடுகிறார், தெரு வாரக்கணக்கில் இருட்டாகக் கிடக்கிறது. நம் ஊரில் புகார்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் முடங்குகின்றன. ஒன்று, தப்பான அலுவலகத்துக்குப் போவது. இன்னொன்று, சரியான அலுவலகத்துக்கே போயும் கையில் எண்ணோ எழுத்தோ வாங்காமல் திரும்புவது. இந்த இரண்டையும் சரிசெய்துகொண்டால் மிச்சமிருப்பது விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் வேலைதான், அதற்கும் ஒரு வரிசை இருக்கிறது.

இது பெருநகர சென்னை மாநகராட்சி எல்லைக்குள் குடியிருப்பவர்களுக்காக எழுதியது. தாம்பரமும் ஆவடியும் தனி மாநகராட்சிகள், அங்கே இருப்பவர்களுக்கு 1913, அதாவது சென்னை மாநகராட்சியின் புகார் எண், பற்றிய பகுதி பொருந்தாது. மின்சாரம், ரேஷன், கடை, நுகர்வோர் ஆணையம் பற்றியவை அப்படியே பொருந்தும். வாடகைக்கு இருப்பவர்கள் "நமக்கு இதில் உரிமை உண்டா" என்று தயங்க வேண்டாம். குப்பை, சாக்கடை, தெருவிளக்கு விஷயத்தில் வீட்டுப் பத்திரத்தை யாரும் கேட்கப் போவதில்லை.

படி 1: வார்டு எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள்

2011-இல் எல்லையை விரித்தபோது மாநகராட்சி 15 மண்டலங்கள், 200 வார்டுகளாகப் பிரிக்கப்பட்டது. உங்கள் மண்டல எண்ணும் வார்டு எண்ணும் சொத்து வரி ரசீதில் இருக்கும், ரசீது வீட்டுக்காரரிடம் இருந்தால் மாநகராட்சி இணையதளத்தில் தெருப் பெயரை வைத்துத் தேடலாம். ஒரு தடவை பார்த்து போனில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் ஊர் முழுக்கப் பத்து தெருக்கள் இருக்கும் நகரம் இது, காந்தி தெரு என்று மட்டும் சொன்னால் புகார் வேறு மண்டலத்துக்குப் போய்விடும்.

படி 2: இது யாருடைய வேலை?

இந்தப் படியில் செலவிடும் பத்து நிமிடம் பின்னால் பல வாரத்தை மிச்சப்படுத்தும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தண்ணீர் தேங்குகிறதா, சாக்கடை பொங்குகிறதா என்பதைத்தான் அதிகம் பேர் குழப்பிக்கொள்கிறார்கள். தெருவில் இறங்கிப் பாருங்கள். சாலைக்கு நடுவில், வட்டமான கனத்த மூடி போட்டிருந்தால் அது பெரும்பாலும் பாதாள சாக்கடை, சென்னைக் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. மக்கள் சொல்வதுபோல் மெட்ரோ வாட்டர். சாலை ஓரத்தில் அல்லது நடைபாதைக்கு அடியில், மேலே சிமென்ட் பலகை பாவி, இடையிடையே தண்ணீர் இறங்கக் கம்பிச் சல்லடை வைத்து ஓடுவது மழைநீர் வடிகால், அது மாநகராட்சியுடையது. மழை நின்று பல நாள் ஆகியும் அந்த வடிகாலில் கறுப்புத் தண்ணீர் நாற்றத்தோடு ஓடிக்கொண்டிருந்தால், யாரோ வீட்டுக் கழிவுநீரை அதில் திருப்பி விட்டிருக்கிறார்கள் அல்லது பக்கத்துப் பாதாள சாக்கடை அடைத்துக்கொண்டு இதற்குள் வழிகிறது. அப்போது இரண்டு இடத்திலும் புகார் பதிய வேண்டும். ஒரு இடத்தில் மட்டும் சொன்னால் "அவர்களைக் கேளுங்கள்" என்று பந்து அங்கும் இங்கும் போய்க்கொண்டே இருக்கும்.

சாலைப் பள்ளம் என்றால் சாலை எந்த வகை என்று பாருங்கள். தெருக்களும் சிறிய உட்புறச் சாலைகளும் மண்டல அலுவலகத்தின் கீழ் வரும், வார்டு உதவிப் பொறியாளர்தான் ஆள். பஸ் போகிற சாலையாக இருந்தால் அதற்கு ரிப்பன் மாளிகையில் தனித் துறையே இருக்கிறது. பெரிய முக்கியச் சாலைகள் சில மாநில நெடுஞ்சாலைத் துறையின் வசம் இருக்கின்றன. கேபிளுக்கோ குழாய்க்கோ தோண்டிவிட்டுச் சரியாக மூடாமல் போன பள்ளமாக இருந்தால், வேலை நடக்கும்போதே அங்கே வைத்திருக்கும் பலகையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், எந்தத் துறை, எந்த ஒப்பந்ததாரர் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். வேலை முடிந்த மறுநாள் அந்தப் பலகை அங்கே இருக்காது.

குப்பை, கட்டட இடிபாடு, கொசு, தெருநாய், இறந்துகிடக்கும் விலங்கு, பூங்கா, பொதுக் கழிப்பறை, விழுந்த மரம், பிறப்பு இறப்புச் சான்று, சொத்து வரி எல்லாம் மாநகராட்சி. மரம் மின்கம்பி மேல் சாய்ந்திருந்தால் முதலில் ஈபி, பிறகு மாநகராட்சி. டிராபிக் சிக்னல் போக்குவரத்துக் காவல். கூவம், அடையாறு பெரும்பாலும் நீர்வளத் துறை. பட்டா, வருமானச் சான்று, சாதிச் சான்று, முதியோர் உதவித்தொகை போன்றவை மாவட்ட நிர்வாகம், அதாவது தாசில்தார், அவருக்கு மேல் கலெக்டர். ராஜாஜி சாலையில் இருக்கும் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் நேரில் மனு கொடுக்கலாம்.

எண்களைப் போனில் பதிந்து வையுங்கள். மாநகராட்சி 1913. மெட்ரோ வாட்டர் 044-45674567. மின்சாரம் 94987 94987, இது மின்னகம் என்ற மின்வாரியப் புகார் மையம். ரேஷன் 1967. கேஸ் கசிவு 1906. எந்தத் துறை என்றே புரியாத விவகாரத்துக்கு 1100, அது முதல்வரின் உதவி மையம்.

படி 3: புகாரை அவர்கள் மறுக்க முடியாதபடி பதியுங்கள்

"எங்க தெருவுல லைட் எரியல சார்" என்பது புகார் ஆகாது. "வார்டு இத்தனை, இன்ன தெரு, 14-ஆம் எண் வீட்டு வாசல், கம்பத்தில் எழுதியிருக்கும் எண் இது, திங்கட்கிழமையிலிருந்து எரியவில்லை, இரண்டு பக்கக் கம்பங்களும் எரிகின்றன" என்று சொல்லிப் பாருங்கள். கடைசி விவரம் முக்கியம். பக்கத்தில் எல்லாம் எரிந்து ஒன்று மட்டும் எரியாவிட்டால் விளக்கை மாற்றினால் போதும், வரிசையாக எல்லாமே அணைந்திருந்தால் கேபிளோ சுவிட்சுப் பெட்டியோ போயிருக்கும். இதை முதலிலேயே சொல்லிவிட்டால், வருகிற ஆள் அதற்கேற்ற சாமானோடு வருவார். கம்ப எண் தெரியவில்லை என்றால் வீட்டு எண்ணோ கடைப் பெயரோ அடையாளம் சொல்லுங்கள்.

போனைவிட 'நம்ம சென்னை' செயலி நல்லது என்பது என் கருத்து, ஏனென்றால் படம் இணைக்கலாம், புகார் நிலையை நாமே பார்க்கலாம். படம் எடுக்கும்போது ஒன்று கிட்டத்தில், ஒன்று தெருவும் பக்கத்துக் கட்டடமும் தெரிகிற மாதிரி தள்ளி நின்று. பள்ளத்தை மட்டும் கிட்டத்தில் எடுத்தால் அது ஊரில் எந்தப் பள்ளமாகவும் இருக்கலாம்.

எப்படிப் பதிந்தாலும் புகார் எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள். எஸ்எம்எஸ் வந்தால் அழிக்காதீர்கள். ஒரு சாதாரண நோட்டில் தேதி, நேரம், யாரிடம் பேசினீர்கள், புகார் எண், அவர் சொன்ன பதில், இந்த ஐந்தையும் ஒரே வரியில் எழுதி வையுங்கள். பின்னால் மேலதிகாரியிடமோ ஆணையத்திடமோ போனால் உங்கள் முழு பலமும் அந்த நோட்டுதான்.

ஒரே பிரச்சினை தெரு முழுக்க இருந்தால் ஒருவர் பேரில் மட்டும் போடாமல் நாலைந்து வீட்டுக்காரர்கள் தனித்தனியாகப் பதியுங்கள். தனித்தனி எண் விழும். கவுன்சிலரிடம் சொல்லலாமா என்று கேட்பார்கள். தாராளமாகச் சொல்லுங்கள், ஆனால் பதிந்த பிறகு, எண்ணோடு போய்ச் சொல்லுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னது அவருக்கு ஞாபகம் இருந்தால் உண்டு, எண் இருந்தால் அவரும் பொறியாளரிடம் அதைக் காட்டிக் கேட்க முடியும்.

குடிநீரில் சாக்கடை கலந்து வந்தால் இத்தனை நிதானம் வேண்டாம், அன்றைக்கே செயல்பட வேண்டும். காலையில் முதலில் வரும் தண்ணீரைச் சுத்தமான கண்ணாடி பாட்டிலில் பிடித்து, நேரத்தை எழுதி ஒட்டி வையுங்கள். மெட்ரோ வாட்டரில் புகார் பதியும்போதே, சரிசெய்யும்வரை லாரித் தண்ணீர் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், கேட்காமல் பெரும்பாலும் வராது. பக்கத்து வீடுகளில் எது வரை நிறம் மாறி வருகிறது, எந்த வீட்டிலிருந்து தெளிவாக வருகிறது என்று விசாரித்துச் சொன்னால் எங்கே தோண்ட வேண்டும் என்பது அவர்களுக்குச் சீக்கிரம் பிடிபடும். வீட்டில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு இருந்தால் 1913-க்கும் சொல்லுங்கள், பொதுச் சுகாதாரம் மாநகராட்சியின் வேலை.

இதோடு சேர்ந்த ஒன்று. அடைப்பு எடுக்க எவரையும் சாக்கடைக் குழிக்குள்ளோ கழிவுநீர்த் தொட்டிக்குள்ளோ இறக்கிவிடாதீர்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது, இறக்கியவருக்குச் சிறைத் தண்டனை உண்டு. சட்டத்தை விடுங்கள், உள்ளே இருக்கும் வாயு ஒரு மூச்சில் ஆளை முடித்துவிடும், காப்பாற்ற இறங்குபவரும் போய்விடுவார். அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள் செலவைப் பார்த்துத் தனியாள் வைத்து இதைச் செய்வது இன்றும் நடக்கிறது. மனித உயிர் போகிற காரியம், இயந்திரம் வரும்வரை நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

படி 4: "சரிசெய்யப்பட்டது" என்று மூடிவிட்டார்கள், வேலை நடக்கவில்லை

இது அடிக்கடி நடக்கும். பழைய புகார் எண்ணைக் குறிப்பிட்டு, அன்றைய படத்தோடு மறுபடி பதியுங்கள். "புதுப் புகார்" என்று பதிந்தால் முதலிலிருந்து நாள் எண்ண ஆரம்பிப்பார்கள், அதனால் "இன்ன எண் புகார் வேலை நடக்காமலே மூடப்பட்டது" என்ற வாக்கியம் அதில் கட்டாயம் இருக்கட்டும்.

அதற்கும் அசையாவிட்டால் காகிதத்துக்கு மாறுங்கள். மண்டல அலுவலருக்கு ஒரு பக்கக் கடிதம், இரண்டு பிரதி. ஒன்றைக் கொடுத்து, இன்னொன்றில் தேதியோடு முத்திரையும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை போட மறுத்தால் சண்டை வேண்டாம், அதே கடிதத்தை அஞ்சலகத்தில் ஒப்புகையோடு விரைவு அஞ்சலில் அனுப்புங்கள், அது இன்னும் வலுவான ஆதாரம். கடிதத்தில் கோபத்தைக் காட்டாதீர்கள். "இந்த இடம், இந்தப் பிரச்சினை, இந்தத் தேதிகளில் இந்த எண்களில் புகார் கொடுத்தேன், இந்தத் தேதியில் வேலை நடக்காமலே மூடப்பட்டது, நேரில் ஆய்வு செய்து எழுத்துப்பூர்வமாகப் பதில் தரக் கேட்டுக்கொள்கிறேன்." அவ்வளவே போதும். பத்து பக்கம் எழுதுகிறவர்களின் கடிதத்தை யாரும் படிப்பதில்லை, வயதானவர்கள் பலர் எழுதும் நீண்ட மனுக்களைப் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன். அவர்கள் சொல்வதில் நியாயம் முழுக்க இருக்கும், ஆனால் கேட்க வந்த விஷயம் ஏழாவது பக்கத்தில் இருக்கும்.

மெட்ரோ வாட்டருக்கு இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, காலையிலிருந்து மதியம் 1 மணி வரை, பகுதி அலுவலகங்கள் எல்லாவற்றிலும் குறைகேட்கும் கூட்டம் நடத்துகிறார்கள். பொறியாளர்கள் நேரில் இருப்பார்கள். வரி பில்லில் தப்பு, புது இணைப்பு தாமதம், தெருவில் அழுத்தம் குறைவு போன்ற, போனில் தீராத சமாச்சாரங்களுக்கு இதுதான் இடம்.

மண்டலத்துக்கு மேலே மாநகராட்சி ஆணையர். அவருக்கும் எழுதியாகிவிட்டது, பதில் இல்லை என்றால் 1100-இல் பழைய எண்கள் எல்லாவற்றையும் சொல்லி மனுவாகப் பதியுங்கள். அது சுற்றிக்கொண்டு அதே மண்டல அலுவலகத்துக்குத்தான் திரும்ப வரும், ஆனால் இந்தத் தடவை மேலிடத்துக்குப் பதில் எழுத வேண்டிய மனுவாக வரும்.

படி 5: தகவல் அறியும் உரிமைச் சட்டம்

2005-ஆம் ஆண்டுச் சட்டம், கட்டணம் 10 ரூபாய், ஒரு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருப்பவர்களுக்குக் கட்டணம் கிடையாது. மாநில அரசின் இணையதளம் வழியாகவும் அனுப்பலாம்.

இதில் பலர் கேள்வி கேட்கும் முறையில்தான் கோட்டை விடுகிறார்கள். "ஏன் இன்னும் ரோடு போடவில்லை?" என்று கேட்டால் காரணம் சொல்லத் தாங்கள் கடமைப்பட்டவர்கள் இல்லை என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். அலுவலகத்தில் இருக்கும் ஆவணத்தைக் கேளுங்கள். நான் எழுதச் சொல்வது இப்படி:

1. இந்தத் தேதியில் நான் கொடுத்த இந்த எண் புகாரின் மீது நாள்வாரியாக எடுத்த நடவடிக்கை விவரம்.
2. புகார் தீர்ந்ததாகக் குறித்த அலுவலரின் பெயரும் பதவியும்.
3. அந்த இடத்தை ஆய்வு செய்த அறிக்கையின் நகல், படங்கள் இருந்தால் அவையும்.
4. இந்தத் தெருவில் கடைசியாகச் சாலை போட்டதற்கான பணி ஆணையின் நகல், ஒப்பந்ததாரர் தன் செலவில் பழுது நீக்க வேண்டிய காலம் எதுவரை என்ற விவரம்.

நாலாவது கேள்வி பலருக்குத் தோன்றுவதில்லை. அந்தக் காலம் முடிவதற்குள் சாலை பெயர்ந்தால் அரசுப் பணம் செலவழிக்காமல் ஒப்பந்ததாரரையே சரிசெய்ய வைக்க முடியும். மண்டல அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். தப்பான அலுவலகத்துக்குப் போனாலும் 5 நாளில் சரியான இடத்துக்கு மாற்றிவிட வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. 30 நாளில் பதில் இல்லை அல்லது மழுப்பல் என்றால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு, அதிலும் திருப்தி இல்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு. ஆணையத்தில் காத்திருப்பு நீளம், ஆனால் முதல் மனு போனதுமே சாலையில் ஜல்லி கொட்டுவது பல தெருக்களில் நடந்திருக்கிறது.

மின்சாரம்: பில்லைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

கரண்ட் போனால் மின்னகம் எண்ணுக்கு அடிக்கலாம், அது தெரிந்ததுதான். கம்பி அறுந்து கிடந்தால் கிட்டே போகாதீர்கள், தண்ணீர் தேங்கிய இடமாக இருந்தால் இன்னும் தள்ளியே நில்லுங்கள், மற்றவர்களையும் தடுத்துவிட்டு அடியுங்கள்.

பில் அதிகமாக வந்தால் முதலில் பார்க்க வேண்டியது ரீடிங் எடுத்த தேதி. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கணக்கு. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறிவிடும், கீழ்ப் படியின் மலிவு விலை கிடைக்காது. ஆகவே ரீடிங் எடுக்க வருபவர் பத்து நாள் தாமதமாக வந்தால், அந்தப் பத்து நாள் யூனிட்டும் சேர்ந்து உங்களை அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடலாம். ரீடிங் குறிக்கும் வெள்ளை அட்டையில் போன தடவைத் தேதியையும் இந்தத் தடவைத் தேதியையும் எடுத்துப் பாருங்கள், இடைவெளி 60 நாளைவிடக் கணிசமாக அதிகம் என்றால் அதைச் சுட்டிக்காட்டிப் பிரிவு அலுவலக உதவிப் பொறியாளருக்கு எழுத்தில் கொடுங்கள். நீங்களே மாதாமாதம் ஒரே தேதியில் மீட்டரைப் படமெடுத்து வைத்தால் வாதமே வராது. மீட்டர் மேலேயே சந்தேகம் என்றால் கட்டணம் கட்டிச் சோதிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

பிரிவு அலுவலகத்தில் தீராதபோது, ஒவ்வொரு மின் பகிர்மான வட்டத்திலும் மேற்பார்வைப் பொறியாளர் அலுவலகத்தில் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது. அதன் உத்தரவும் சரியில்லை என்றால் மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் கீழ் இருக்கும் மின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு. வக்கீல் தேவையில்லை. தகராறில் இருக்கும் பில்லைக் கட்டாமல் சும்மா வைத்திருக்காதீர்கள், இணைப்பைத் துண்டித்துவிட்டால் உங்கள் சண்டை வேறு திசைக்குப் போய்விடும். "ஆட்சேபணையுடன் கட்டுகிறேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கட்டுங்கள்.

வரி, சான்றிதழ்: சுருக்கமாக

சொத்து வரி அரையாண்டுக்கு ஒரு தடவை. ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும் கட்டினால் 5 சதவீதம் சலுகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். தாமதத்துக்கு மாதம் 1 சதவீதம் தனிவட்டி. சொத்து வரி கட்டியதால் குடிநீர் வரி கட்டியதாக ஆகாது, அது மெட்ரோ வாட்டரின் தனி ரசீது; வீடு வாங்கியவர்கள் இரண்டு இடத்திலும் பெயர் மாற்றியாயிற்றா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறப்பு, இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். சென்னைச் சான்றுகளை மாநகராட்சி இணையதளத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம், இதற்கு யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். குழந்தையின் பெயரை ஒரு வருடத்துக்குள் சேர்த்துவிடுங்கள். 1.10.2023 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளி சேர்க்கை முதல் ஓட்டுநர் உரிமம் வரை பிறந்த தேதிக்கு இந்தச் சான்று ஒன்றுதான் ஆதாரம், எழுத்துப் பிழை இருந்தால் இப்போதே திருத்துவது நல்லது.

ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க, நீக்க, கடை பற்றிச் சொல்ல 1967. சென்னையில் 19 மண்டல உதவி ஆணையர் அலுவலகங்களிலும் இரண்டாவது சனிக்கிழமை குறைதீர் முகாம் நடக்கும். மெட்ரோ வாட்டர் கூட்டமும் அதே நாள் என்பதால் இரண்டு வேலை இருப்பவர்கள் கிளம்பும் முன் எதை முதலில் முடிப்பது என்று திட்டமிட்டுக்கொள்ளுங்கள்.

வாசலுக்கு வரும் கேஸ் சிலிண்டர்

கேஸ் சிலிண்டர் பற்றித் தனியாக நாலு வார்த்தை. வீட்டு சிலிண்டரில் இருக்க வேண்டிய கேஸ் 14.2 கிலோ. சிலிண்டரின் மேலே, கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டைகளில் காலி எடை எழுதியிருக்கும். இரண்டையும் கூட்டினால் வருவதுதான் தராசில் வர வேண்டிய எடை. கொண்டுவருபவர் தராசு வைத்திருக்க வேண்டும், எடை போட்டுக் காட்டச் சொல்வது உங்கள் உரிமை. அங்கேயே உள்பக்கம் ஒரு எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும். ஏ என்றால் மார்ச் வரை, பி ஜூன் வரை, சி செப்டம்பர் வரை, டி டிசம்பர் வரை, இலக்கம் ஆண்டு. அந்தக் காலத்துக்குள் மறுசோதனை ஆகியிருக்க வேண்டும், தேதி கடந்த சிலிண்டரை வாங்காமல் திருப்பி அனுப்புங்கள். ரசீதில் இருக்கும் தொகைக்கு மேல் கேட்டால் கொடுக்கும் கட்டாயம் இல்லை. மூன்று மாடி ஏறிவருகிற மனிதருக்கு நாமாகக் கொடுப்பது வேறு, கொடுத்தால்தான் இறக்குவேன் என்பது வேறு. பின்னதற்கு 1800 2333 555-இல் புகார் சொல்லலாம்.

கடை, ஆன்லைன், ஓட்டல்: நுகர்வோராகப் போராடுவது

பில் வாங்குங்கள். பில் தர மறுப்பதே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று பில்லில் அச்சடித்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்று இன்றும் நினைக்கிறார்கள். குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பதும் அதே சட்டப்படி தவறு. நிறம் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுப்பதற்கு இது பொருந்தாது.

கூல்டிரிங்க்ஸ் பாட்டிலுக்கு அச்சடித்த விலைக்கு மேல் 'கூலிங் சார்ஜ்' கேட்பது, எடையில் அடிப்பது போன்றவை தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவு பார்க்கும் வேலை. பெட்ரோல் பங்கில் அளவு சந்தேகம் என்றால் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக் குடுவையில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள், எல்லா பங்கிலும் அது இருக்க வேண்டும். கெட்டுப்போன சாப்பாட்டுக்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322, படமும் கடை முகவரியும் பில்லும் அனுப்புங்கள்.

ஆன்லைனில் வாங்கியதற்கு, அந்தத் தளத்தில் குறைதீர் அலுவலரின் பெயரும் தொடர்பும் இருக்க வேண்டும் என்று 2020 விதிகள் சொல்கின்றன. 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அரட்டைப் பெட்டியில் மன்றாடிக்கொண்டிருக்காமல் அந்த அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். தீராவிட்டால் 1915, தேசிய நுகர்வோர் உதவி மையம், தமிழிலும் பேசலாம். அவர்கள் நீதிமன்றம் இல்லை, நிறுவனத்தோடு பேசி முடிக்கப் பார்ப்பார்கள், பெரிய நிறுவனங்களின் பணம் திரும்ப வராத கேஸ்கள் பல இங்கேயே தீர்ந்துவிடுகின்றன. வங்கி விவகாரம் என்றால் வங்கிக்கு எழுதி 30 நாள் பார்த்துவிட்டு ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போக வேண்டும், எண் 14448. ஆன்லைன் பணமோசடி நடந்துவிட்டால் எதற்கும் காத்திருக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930.

கடைசிப் படி: நுகர்வோர் ஆணையம்

முதலில் ஒரு நோட்டீஸ். வக்கீல் வழியாகத்தான் அனுப்ப வேண்டும் என்றில்லை. எப்போது எவ்வளவு கொடுத்து வாங்கினீர்கள், என்ன குறை, என்ன கேட்கிறீர்கள், 15 நாளில் பதில் வேண்டும், இவ்வளவையும் எழுதி ஒப்புகையோடு அனுப்புங்கள்.

பிறகு புகார். நீங்கள் கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், சென்னைக்கு வடக்கு, தெற்கு என்று இரண்டு இருக்கின்றன. 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000. கடைக்காரர் வேறு ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் இடத்தின் ஆணையத்திலேயே போடலாம், 2019 சட்டம் தந்த பெரிய வசதி இது. நுகர்வோர் ஆணையங்களின் இணையதளமான இ-ஜாக்ரிதியில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும், கம்பெனி "பார்க்கிறோம், பார்க்கிறோம்" என்று இழுத்தடிப்பதில் இந்தக் கெடு போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் உரையாடலையும் போன் படங்களையும் ஆதாரமாக வைத்தால் மின்னணு ஆதாரங்களுக்கென்று பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின் (சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழை இணையுங்கள், இல்லாவிட்டால் எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது அதைத்தான். நாமே வாதாடலாம். எதிர்த்தரப்பு 30 நாளில், மிஞ்சினால் இன்னும் 15 நாளில் பதில் தாக்கல் செய்ய வேண்டும். 3 மாதத்தில் முடிக்க வேண்டும் என்பது சட்டம், நடைமுறையில் அதைவிட நீளும், அதற்குத் தயாராகப் போங்கள்.

குண்டும் குழியுமான சாலைக்காக மாநகராட்சி மேல் இங்கே வழக்குப் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். வரி கட்டுவதை விலை கொடுத்துச் சேவை வாங்குவதாக ஆணையங்கள் பொதுவாக ஏற்பதில்லை, அதனால் அந்த வழி கடினம். மின்சாரம் அப்படியில்லை, சட்டத்திலேயே 'சேவை' என்பதில் அது சேர்ந்திருக்கிறது. தண்ணீர், மின்சாரம், துப்புரவு போன்ற பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு நிரந்தர மக்கள் நீதிமன்றம் என்று ஒன்று இருக்கிறது, சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் கீழ் வருவது, நீதிமன்றக் கட்டணம் இல்லை, சமரசம் வராவிட்டால் அதுவே தீர்ப்பும் சொல்லலாம். இதைப் பற்றி ஊரில் மிகக் குறைவான பேருக்கே தெரியும். சட்ட உதவி எண்ணான 15100-இல் கேட்டால் வழி சொல்வார்கள், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உதவியும் உண்டு. சென்னையில் 1985 முதல் இயங்கும் சிஏஜி என்ற நுகர்வோர் அமைப்பு போன்றவையும் ஆலோசனை தருகின்றன.

உத்தரவு சாதகமாக வந்ததும் பணம் தானாக வந்துவிடும் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். எதிர்த்தரப்பு 45 நாளுக்குள் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போகலாம், ஆனால் கொடுக்கச் சொன்ன தொகையில் பாதியைக் கட்டிய பிறகுதான் அது விசாரணைக்கு எடுக்கப்படும். மேல்முறையீடும் இல்லை, பணமும் தரவில்லை என்றால் அதே மாவட்ட ஆணையத்தில் நிறைவேற்று மனு போடுங்கள். உத்தரவை மதிக்காதவருக்கு 1 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை, அல்லது 25,000 முதல் 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 72-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவின் எண்ணைக் குறிப்பிட்டு மனு போன பிறகு காசோலை வீடு தேடி வருவதுதான் வழக்கம்.